பக்கக் குரல்

சென்னையில் சட்டமன்றக் குழு கூடும் அறைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே தமயந்தியும் நசீரும் ஆள்மாறாட்டக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

குழுவின் செயலர் சாட்சி சொல்ல வந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயருக்கு உரியவர் பதில் சொன்னால், மேசையில் பதித்திருந்த கருவி குரலை அடையாளம் கண்டு பச்சை விளக்கைக் காட்டும். "தமயந்தி, கைவிளக்கு இளையோர் இயக்கம், திருச்சி" என்று அவர் படித்ததும், பக்கத்து நாற்காலியில் இருந்த நசீர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "இருக்காங்க!" என்று ஒரு சத்தம் போட்டான். தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த பணியாளர் திடுக்கிட்டுப் போனார். சிவப்பு விளக்கு எரிந்தது. செயலர் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நசீர் அகமது" என்றார். தமயந்தி யோசிக்கவே இல்லை. "இருக்கார்!" என்றாள். மறுபடியும் சிவப்பு.

குழுத் தலைவர் மரகதவல்லி பேனாவைக் கீழே வைத்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். "என்னம்மா இது? உள்ள வந்து உக்காரலை, அதுக்குள்ள ஆள்மாறாட்டமா?"

"மன்னிச்சுக்கங்கம்மா, பழக்க தோஷம்" என்று நசீர் எழுந்தான். "எங்க இயக்கத்துல யாரும் அவங்கவங்க பேருக்குப் பதில் சொல்றதில்ல. பக்கத்துல நிக்கிறவங்கதான் சொல்லணும். அத நாங்க பக்கக் குரல்னு சொல்லுவோம். சின்னப் புள்ளையில இருந்து வாயில ஒட்டிக்கிச்சு. என் நிக்காஹ்ல ஹஜ்ரத் சம்மதம் கேட்டப்போ நான் பாட்டுக்குப் பக்கத்துல இருந்த மச்சானைத் திரும்பிப் பாத்தேன்னா பாத்துக்கங்க."

அறையே சிரித்தது. "உக்காரு நசீரு" என்று தமயந்தி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

சிரிக்காத ஒரே ஆள் எதிர்வரிசையில் இருந்தாள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். இரு பக்கமும் காலி நாற்காலிகள். செயலர் அடுத்ததாக, "முனைவர் ஜெசிந்தா, துணைத் திட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர்" என்று படித்தார். தமயந்தியின் நாக்கு மேலெழும்பியது. பல்லுக்கு இடையில் அதைப் பிடித்து நிறுத்தினாள். எதிரே இருந்தவள் மேசையைப் பார்த்தபடி, "இருக்கேன்" என்றாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

*

பள்ளிக்கூடக் கேட்டுகள் திறந்து கிடந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது யார் வேண்டுமானாலும் உள்ளே வருவார்கள். காந்தத்தால் ஆணி தூக்கிக் காட்டுகிறவர், தீயணைப்புப் படைக்காரர், கண் சோதிக்கிறவர்கள், பாம்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்து பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போகிற மனிதர். தமயந்தி ஏழாம் வகுப்பு படித்தபோது, உறையூரில் அவள் பள்ளிக்கு ஒரு பி.டி. பீரியடில் கல்லூரி மாணவி ஒருத்தி சைக்கிளில் வந்தாள். ஹேண்டில்பாரில் ஒரு கயிற்றுச் சுருள், கழுத்தில் விசில். கைவிளக்கு இயக்கத்தின் ராஜாமணி அக்கா. அவள் வராமல் போயிருந்தால் தான் யாராக ஆகியிருப்போம் என்று தமயந்தியால் இப்போதும் நினைத்துப்பார்க்க முடிவதில்லை.

பிறகு அதே கேட்டுகள் வழியாக வேறு ஆட்களும் வந்தார்கள். தன்னம்பிக்கை உரை என்று சொல்லி டியூஷன் விற்றார்கள். புத்தகப்பை கொடுத்துக் கட்சிக்கு ஆள் பிடித்தார்கள். பிள்ளைகளின் பெயர், முகவரி, அப்பாவின் சம்பளம் எல்லாம் கைமாறின. ஊர் கொதித்தது. பள்ளி வளாகக் காப்புச் சட்டம் வந்து கேட்டுகளை அடைத்தபோது தமயந்தியும் நிம்மதியாக மூச்சுவிட்டாள். வெளியாள் எவரும் இனி மாணவர்களோடு பேசக்கூடாது. கைவிளக்கும் வெளியாள்தான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

சட்டத்தின் கூடவே துணை வந்தது. காதுக்குள் வைக்கும் மிளகளவுக் கருவி. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றே பிள்ளைக்குப் போட்டுவிடுவார்கள். பாடத்தில் சந்தேகம் கேட்கலாம், வெயிலில் ஓடினால் தண்ணீர் குடி என்று சொல்லும், வருத்தமாக இருந்தால் கதை சொல்லும். காலையிலும் மதியமும் ஆசிரியர் பெயர் கூப்பிட்டால், வெளியே கேட்கும்படி அதுவே வருகையையும் சொல்லிவிடும். முக்கியமாக, எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று அதற்குத் தெரியும். வெளி அமைப்புகள் துணையிடம் தங்களைப் பதிந்துகொள்ளலாம். பிடிக்கக்கூடிய பிள்ளை இருந்தால் துணை அதன் காதில் சொல்லும்.

ஆற்றில் படகு விடவும் முகாம் போடவும் கற்றுத்தரும் கைவிளக்கும் பதிந்துகொண்டது. துணை யார் காதிலும் எதுவும் சொல்லவில்லை. படகு என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைக்குப் படகு பிடிக்கும் என்று எந்தக் கணக்கு சொல்லும்? இருந்த பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனார்கள். புதிதாக யாரும் வரவில்லை. முக்கொம்பில் ஆற்றோரம் அவர்களுடைய படகுகள் கவிழ்ந்து கிடந்தன. இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ஒரு பிள்ளையாவது சேராவிட்டால் இளையோர் அமைப்பு என்ற பதிவே போய்விடும். ஆற்றங்கரைக் கொட்டகையும் போய்விடும்.

அப்படிக் கவிழ்ந்து கிடந்த படகுகளில் ஒன்றின் அடியில்தான் போன ஆடியில் நசீர் அந்தச் சிறுமியைப் பார்த்தான். பள்ளிச் சீருடையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செண்பகா என்று பெயர் சொன்னாள். மதிய இடைவேளையில் வெளியே வந்து பஸ் ஏறி வந்துவிட்டாளாம். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம். நசீர் அவளைக் கரைக்கு மேலே கூட்டிவந்து உட்காரவைத்தான். தமயந்தியைக் கூப்பிட்டான். அவள் ஸ்கூட்டரில் பறந்து வந்தாள்.

"உன்னைத் தேட மாட்டாங்களா கண்ணு?"

"தேட மாட்டாங்க" என்றாள் செண்பகா, சாதாரணமாக. "என் துணையைப் பென்சில் பெட்டியில வச்சிட்டு வந்திருக்கேன். பேரு கூப்பிட்டா அது சொல்லிடும்."

"சரி, மிஸ்ஸுக்குத் தெரியாது. பக்கத்துல உக்காந்திருக்கிற பிள்ளைக்குமா தெரியாது?"

செண்பகா கொஞ்சம் யோசித்தாள். "அவ பேரு எனக்கும் தெரியாதே" என்றாள்.

வீட்டில் கொண்டுபோய் விட்டபோது, யாரிடமும் சொல்லக்கூடாது என்று செண்பகா சத்தியம் வாங்கிக்கொண்டாள். அன்றைக்குத் திரும்பி வரும் வழியில்தான் தமயந்தி பள்ளி வளாகச் சட்டத்தைத் திருத்துவது பற்றி முதன்முதலாகப் பேசினாள். அதன்பிறகு அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை.

*

"கேக்கிறது சின்ன விஷயம்தாம்மா" என்று தமயந்தி குழுவிடம் சொன்னாள். "வருஷத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம். பிள்ளைங்க துணையைக் கழட்டி வச்சிட்டு கிரவுண்டுக்கு வரணும். இளையோர் அமைப்புங்க அங்க வந்து நிப்போம். டீச்சர் கூடவே இருக்கட்டும். கட்சி கூடாது, மதம் கூடாது, விக்கிறது கூடாது, பிள்ளைங்க பேரை எழுதி வாங்கிட்டுப் போறது கூடாது. பிடிச்சா வரட்டும். பிடிக்கலைன்னா வகுப்புக்குப் போகட்டும். இந்த ஒரு மணி நேரத்தைப் பள்ளிக்கூடம் மறுக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லணும். அவ்வளவுதான்."

மரகதவல்லி முகத்தில் இரக்கம் இருந்தது. இரக்கப்பட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்கிறவர்களின் இரக்கம். "உங்களுக்கு ஒரு மணி நேரம் திறந்தா நாளைக்கு உங்க பின்னாடியே வேற எவனாவது நுழைவானேம்மா. அந்தக் காலத்துல நான் கவுன்சிலர். கேட்டைப் பூட்டுன்னு போராட்டம் பண்ணவங்கள்ல நானும் ஒருத்தி."

"நானும் கையெழுத்துப் போட்டவதாம்மா. பூட்ட வேணாம்னு சொல்லலை. சாவி எங்கிட்டயும் வேணாம். வருஷத்துக்கு ஒரு தடவை நீங்களே திறங்கன்னுதான் சொல்றேன்."

"துணையால ஒரு பிள்ளைக்காவது கெடுதல் ஆச்சா? ஒரு உதாரணம் சொல்லுங்க. நான் இப்பவே எழுதிக்கிறேன்."

நசீர் தமயந்தியைப் பார்த்தான். அவன் பார்வை முழுக்கச் செண்பகா இருந்தாள். படகின் அடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. சொன்னால் போதும். ஆனால் சொன்ன மறுநாள் அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் கேமராக்கள் நிற்கும்.

"சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லம்மா" என்றாள் தமயந்தி.

"அக்கா..." என்று நசீர் பல்லைக் கடித்தான்.

"சும்மா இரு."

அப்போது ஜெசிந்தா கை தூக்கினாள். அவள் குரலைத் தமயந்தி பல ஆண்டுகளாகச் செய்திகளில் மட்டுமே கேட்டிருந்தாள். இருவரும் பழைய தோழிகள்; சண்டை எதுவும் நடந்ததில்லை. ஜெசிந்தா வெளியூருக்குப் படிக்கப் போனாள், பிறகு வெளிநாடு, பிறகு பொங்கல் வாழ்த்து மட்டும், அப்புறம் அதுவும் இல்லை.

"தலைவர் அவர்களே, ஒரு செயல்விளக்கம் காட்டலாமா? ஒரு பிள்ளையோட பழைய பதிவுகளைக் குடுத்தா, அந்த வயசுல அது எதை விரும்பும்னு துணை சொல்லும். குரலோடவே திரும்ப உருவாக்கும். மேடம் இயக்கத்துல சேந்ததால தன் வாழ்க்கையே மாறுச்சுன்னு மனுவில எழுதியிருக்காங்க. அவங்க சம்மதிச்சா, ஏழாம் வகுப்புத் தமயந்திகிட்டயே கேட்டுடலாம்."

அந்த 'மேடம்' காலையில் ரயிலில் குடித்த காப்பியைவிடக் கசந்தது. "கேளுங்க" என்றாள் தமயந்தி.

பள்ளிப் பதிவுகள், நூலகத்தில் எடுத்த புத்தகங்கள், பழைய தேர்வுத்தாள்கள், ஆண்டுவிழா வீடியோவில் கடைசி வரிசையில் நின்ற உருவம். ஜெசிந்தா எல்லாவற்றையும் துணைக்குக் கொடுத்தாள். மேசைக் கருவியிலிருந்து ஒரு மெல்லிய குரல், தொண்டையைச் செருமிவிட்டு, "வணக்கம்" என்றது.

தமயந்தி கருவியை உற்றுப் பார்த்தாள். தன் குரல் என்று அவளுக்கு அது தோன்றவில்லை. தெரிந்த வீட்டுக் குழந்தை ஒன்று இருட்டுக்குள் நிற்பதுபோல இருந்தது.

"உன் பேரு என்னம்மா?" என்று மரகதவல்லி கேட்டார்.

"தமயந்தி. ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு."

"ஒரு இயக்கம் வந்திருக்கு. ஆத்துல படகு விடுவாங்க. முகாம் போடுவாங்க. நீயும் சேரறியா?"

"வேணாங்க."

"ஏம்மா?"

"எல்லாரும் என்னைப் பாப்பாங்க. நான் லைப்ரரிக்குப் போறேன்."

அறையில் யாரோ மெதுவாக உச்சுக்கொட்டினார்கள். மரகதவல்லி தமயந்தியைப் பார்த்தார். "துணை பிள்ளைங்க காதுல உங்க இயக்கத்தைச் சொல்லாம விட்டது சரிதான்னு ஆகுதேம்மா."

"அந்தப் பிள்ளை சொல்றது நெசம்தாம்மா" என்றாள் தமயந்தி. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட வேணுமான்னு கேட்டிருந்தா, அன்னைக்கு நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா யாரும் கேக்கலையே."

"அப்புறம் எப்படிச் சேந்தீங்க?"

அவள் சொன்னாள். வேப்பமரம், பூ உதிர்ந்து தரையெல்லாம் வெளுத்துக் கிடந்த மைதானம், ராஜாமணி அக்காவின் விசில். எல்லாரும் வட்டமாக நின்றார்கள். தமயந்தி அந்தப் பள்ளியில் சத்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்றவளோடு யாரும் பேசியதில்லை. வருஷத்து நடுவில் வேற்றூரிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை. ராஜாமணி அக்கா வருகைப் பதிவை வாங்கி, உங்க பேருக்கு நீங்க பதில் சொல்லக்கூடாது, வலப்பக்கம் நிக்கிறவங்கதான் சொல்லணும் என்றாள். யாராலும் பதில் சொல்ல முடியாத பேரு இருந்தால், சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரணும். அதுதான் விளையாட்டு. பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு பெயருக்கு மட்டும் பதில் இல்லை. அக்கா மறுபடியும் கூப்பிட்டாள். அந்தப் பெயருக்கு வலப்பக்கம் நின்றது தமயந்தி.

"நான் வாயத் திறக்கலைன்னா பக்கத்துல நிக்கிறவ இல்லைன்னு ஆயிடும். அவ நின்னுக்கிட்டிருக்கா. நான் சொன்னாத்தான் இருக்கா. சொல்லிட்டேன். எனக்கு என்ன பிடிக்கும்னு யாரும் கேக்கலை. அடுத்தவ இருக்காளான்னு கேட்டாங்க. அதுக்காகத்தான் போனேன். படகெல்லாம் அப்புறம் பிடிச்சுது."

எதிரே ஜெசிந்தா குனிந்துகொண்டிருந்தாள்.

"அந்தக் குரல்கிட்ட நீங்க என்னைப் பத்தியே கேக்குறீங்க" என்றாள் தமயந்தி. "ஒரு தடவை ஜெசிந்தான்னு கூப்பிட்டுப் பாருங்க."

"அந்தப் பேரு எதுக்கும்மா..." என்று தொடங்கிய மரகதவல்லி எதிர்வரிசையைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"வேண்டாம்" என்றாள் ஜெசிந்தா அவசரமாக. "அதுல ஒரு பிள்ளையோட பதிவுதான் இருக்கு. பக்கத்துல யாரும் இல்ல. அது பதில் சொன்னாலும் அதுக்கு அர்த்தம் இல்ல."

"அர்த்தம் இல்லாட்டி கூப்பிட்டுப் பாக்குறதுல என்னம்மா நட்டம்?" மரகதவல்லி கருவியின் பக்கம் சாய்ந்தார். "ஜெசிந்தா!"

"இருக்கா!"

சற்று முன் 'வேணாங்க' என்று முனகிய குரல் அல்ல அது. உரக்க, பளிச்சென்று, முடிவில் லேசாக உடைந்து சிரிப்பில் போய் நின்றது. துளித் தயக்கம் இல்லை.

நசீர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். "அக்கா! இது ஒண்ணாப்புப் படிக்கிற எம்பொண்ணோட துணைதான்க்கா! ஸ்கூல்ல பேரு கூப்பிடறப்போ நான் கேட்டிருக்கேன். இதே குரல், இதே சிரிப்பு!"

"எம் பேரன் பள்ளிக்கூடத்துலயும் இதுதான்" என்று மரகதவல்லி தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

தமயந்தி மட்டும் துணையின் குரலைக் கேட்டதே இல்லை. கேட்டுகள் மூடியபிறகு அவள் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் போனதே இல்லை. அவளுக்குப் பிள்ளைகளும் இல்லை.

ஜெசிந்தா, ஆங்கிலம் கலக்காத, அறிக்கை வாசிக்காத, உறையூர்த் தெருவில் பேசிய பேச்சில் பேசினாள்.

"எல்லாத் துணைக்கும் அடியில ஒரே குரல்தான் தமா. மேல மேல எவ்வளவோ மாத்தியாச்சு. அதை மட்டும் நான் தொடவே இல்ல. முதல் முகாம்ல எம்பேருக்கு நீ சொன்னது, எங்கப்பா ஃபோன்ல புடிச்சது. அந்தப் பள்ளிக்கூடத்துல என்கூட ஒருத்தரும் பேசலை. நீ ஒருத்திதான் எம்பேருக்கு அவ்வளவு சத்தமாப் பதில் சொன்ன. எந்தப் பிள்ளைக்கும் பதில் சொல்ல ஆளில்லாமப் போயிடக் கூடாதுன்னுதான் இதைச் செஞ்சேன். நாட்டுல இருக்கிற ஒவ்வொரு காதுலயும் உன்னை வச்சிருக்கேன்."

தமயந்திக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. ஆற்றங்கரையில் அரைவேக்காட்டு உப்புமாவும், ஈரக் கயிற்றின் வாசனையும், ஒரே போர்வைக்குள் விடிய விடியப் பேசிய பேச்சும்தான் வந்தன. பென்சில் பெட்டிக்குள் இருந்துகொண்டு செண்பகாவுக்காகப் பொய் சொன்னது யாருடைய குரல் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"ஜெசி" என்றாள். "உன் ரிப்பன்ல ஒண்ணு அவுந்து தோள்ல கிடந்துச்சு. காலர்ல மை. அழுதிருந்த. ஒரு டேர்ம் முழுக்க ஒரே பெஞ்சுல இருந்தேன். நான் எதையும் பாத்ததே இல்ல. அன்னைக்குப் பேரு கூப்பிட்டப்போதான் திரும்பிப் பாத்தேன். பாத்துட்டுத்தான் சொன்னேன்."

ஜெசிந்தா நிமிர்ந்தாள்.

"நீ என் குரலை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்ட. திரும்பிப் பாத்ததை விட்டுட்டியே."

*

குழு திருத்தத்தை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. "ஒரு பள்ளிக்கூடம், ஒரு மணி நேரம்" என்று மரகதவல்லி முடிவு சொன்னார். "ஒரு பிள்ளையாவது தானா முன்வந்து வாயத் திறக்கட்டும், மாநிலம் முழுக்க எடுத்துட்டுப் போக நான் பேசறேன். இல்லைன்னா என்னை வற்புறுத்தாதீங்க. துணைத் திட்டத்துல இருந்து ஒருத்தர் கூட இருக்கணும்."

வந்தது ஜெசிந்தாவேதான்.

எந்தப் பள்ளி என்று கேட்டபோது தமயந்தி செண்பகாவின் பள்ளியைச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. பங்குனி வெயில் ஏறும் முன்பே பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்து வந்தார்கள். துண்டு விரித்த ஒரு கூடையில் ஒவ்வொருவராகத் துணையைக் கழற்றிப் போட்டார்கள். போட்டுவிட்டுக் காதைத் தடவிக்கொண்டார்கள். காக்கை கரைவதைக்கூடப் புதிதாகக் கேட்பவர்கள்போல அண்ணாந்து பார்த்தார்கள். வட்டமாக நில்லுங்கள் என்றால், ஒருவரோடு ஒருவர் படாமல் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னா பஸ் ஸ்டாண்டுக்கே போயிடுவீங்கடா" என்றான் நசீர். யாரும் சிரிக்கவில்லை.

தமயந்தி விளையாட்டைச் சொன்னாள். நசீர் ஆசிரியையிடமிருந்து வருகைப் பதிவை வாங்கி, முதல் பெயரைக் கூப்பிட்டான்.

"அபர்ணா!"

"இருக்கா!" என்றது கூடை.

பிள்ளைகளின் முகங்கள் தெளிந்தன. தெரிந்தவர் ஒருவர் வந்துவிட்டாற்போல எல்லாரும் கூடையைப் பார்த்தார்கள். நசீர் திகைத்துப்போய் அடுத்த பெயரைச் சொன்னான். கூடை மறுபடியும் சொன்னது. அதே பளிச்சென்ற குரல், அதே உடைந்த சிரிப்பு. தன் பன்னிரண்டு வயது துண்டுக்குள்ளிருந்து கத்துவதைத் தமயந்தி கேட்டுக்கொண்டு நின்றாள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையே இல்லை.

அவள் ஜெசிந்தாவிடம் போனாள். "இதை நிறுத்த முடியாதா?"

"கூடையைத் தூக்கி உள்ள வச்சாலும் நாளைக்கு மறுபடியும் அதுதான் பதில் சொல்லும். தனித்தனியா நிறுத்த முடியாது. பதில் சொல்றது அடியில இருக்கு. எடுத்தா எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் சேத்துதான் எடுக்கணும்."

"திரும்ப வைக்க முடியாதோ?"

"வைக்கலாம்" என்றாள் ஜெசிந்தா. "அப்போ வேற யாரோட குரலையாவதுதான் வைப்பேன்." துணையை இயக்கும் மின்பலகை கையில் இருந்தது; அதை வெறித்துக்கொண்டு நின்றாள். வேப்பம்பூ ஒன்று அதன்மேல் விழுந்தது. அதை ஊதிவிட்டாள். "நசீர், இன்னும் ஒரு பேரு கூப்பிடு."

"யார் பேரை?"

"எம்பேரைத்தான்."

நசீருக்குப் புரிந்தது. பதிவேட்டை மூடிக்கொண்டு, முகாம்களில் கூப்பிடுவதுபோலவே நீட்டிக் கூப்பிட்டான். "ஜெசிந்தா!"

"இருக்கா!"

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு பலகையில் விரலை வைத்து அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்கவே இல்லை, தமயந்தி அவள் கையைப் பிடிக்கும்வரை.

"ம், இப்போ கூப்பிடு" என்றாள் தமயந்தி.

"செண்பகா!"

பிள்ளைகள் கூடையைப் பார்த்தார்கள். கூடை பேசவில்லை. வட்டத்தில் ஒரு கலக்கம் பரவியது. ஒரு பையன் தன் காதை அழுத்திப் பார்த்துக்கொண்டான். ஆசிரியை ஓரடி முன்னால் வந்தாள். தமயந்தி கையமர்த்தினாள். காற்று வேப்பமரத்துக்குள் போய் வந்தது. எங்கோ ஒரு வகுப்பில் நாற்காலி இழுபடும் சத்தம்.

"செண்பகா!" என்றான் நசீர் மறுபடியும். அவன் குரலும் இறங்கியிருந்தது.

வட்டத்தின் மறுமுனையில் செண்பகா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த விளையாட்டில் அவள் வாயைத் திறக்கக்கூடாது. அவளுக்கு வலப்பக்கம், பல் கம்பி போட்ட ஒரு பெண் விரல்களைப் பின்னிப் பின்னிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றவள், மெல்லக் கழுத்தைத் திருப்பினாள். பக்கத்தில் நிற்பவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"ஏய், நீதான் செண்பகாவா?"

செண்பகா தலையாட்டினாள்.

"கால்ல என்ன, முள்ளா? ரத்தம் வருது."

செண்பகா குனிந்து பார்த்தாள். அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

பல் கம்பிக்காரி நிமிர்ந்தாள். வட்டம் முழுக்க அவளையே பார்த்தது. முகம் சிவந்து, பாதி வார்த்தையில் நின்று, மறுபடியும் முயன்று, அவள் சொன்னாள்.

"இருக்கா."

அந்தக் குரல் யாருடைய குரலைப் போலவும் இல்லை.